பிஸ்கற் ரின்னுக்குள் இருந்த கறுப்பு ஸ்பொஞ்ச்

அம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் திருத்தும் என் கடையை, என்னிடம் தொழில் பழகிய நீங்கள் பொறுப்பெடுத்து ஒரு வருடமாகிறது. நான் வந்து எட்டிப் பார்ப்பதில்லை என்று என் மனைவியிடம் குறைப்பட்டிருக்கிறீர்கள். எட்டிப் பார்த்தால் மேசையில் இருப்பதைத் தூக்கிப் பார்ப்பேன், தூக்கினால் கழற்றுவேன், கழற்றினால் அன்று உங்களுக்கு வேலை நடக்காது. அதனால்தான் எழுதுகிறேன். தொழில்நுட்பம் எதையும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். எந்தச் சிப்பின் எந்தக் காலில் எத்தனை வோல்ற் வரவேண்டும் என்று இணையத்தில் படம் பிடித்துக் காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் என்னைவிட நன்றாகக் காட்டுகிறார்கள்.

நான் சொல்லப் போவது ஒரு பிழையைப் பற்றி. ஸ்காபரோவின் வோபர்னில் அந்தக் கடைக்குள் இருபத்தெட்டு வருடம் இருந்து பல பிழைகள் செய்திருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டு அம்ப்ளிஃபையரைச் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் புகைய வைத்தேன். ஒரு பாடகரின் மைக்கைத் திருத்தி, அவருடைய உண்மையான குரலை ஊருக்குக் கேட்க வைத்து, மனிதரின் பிழைப்பில் மண் போட்டேன். அவையெல்லாம் சொல்லிச் சிரிக்கக் கூடியவை. இதுவும் அப்படித்தான், ஆனால் இதற்குச் சிரிக்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஒரு பெண் கடைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஊர் மன்னார்ப் பக்கம், இங்கே அஜக்ஸில் வீடு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ரயிலில் வந்து இறங்கி என்னைப் பிடித்துவிடுவார். அவர் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிப்பவர். அந்தக் கோயிலின் ஸ்பீக்கர்களைப் பராமரித்தது நான் என்பதால் ஆளைத் தெரியும். நான் சைவக்காரன்தான், ஆனால் ஸ்பீக்கர் இரைவதில் எல்லாச் சமயமும் சம்மதம்.

அவர் ஒரு நீல நிற வட்டத் தகர ரின்னை இடது கையால் என்னிடம் நீட்டினார். இடது கையால் ஒரு பொருளைத் தருவதா என்று எனக்குள் சுள்ளென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வாங்கினேன். வெண்ணெய் பிஸ்கற் வரும் ரின் அது. எங்கள் வீடுகளில் அந்த ரின்னைத் திறந்து பிஸ்கற் கண்டவர் யாருமில்லை, உள்ளே ஊசியும் நூலும்தான் இருக்கும். திறந்தேன். ஊசி நூல் இல்லை. ஒரு டிலே பெடல் இருந்தது.

உங்களில் ஒருவர் கீபோட்டோடு வளர்ந்தவர் என்பதால் சொல்லிவிடுகிறேன். கிற்றாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில், வாசிப்பவரின் காலடியில் இருக்கும் பெட்டி அது. கம்பியை ஒருமுறை தட்டினால், கொஞ்சம் பொறுத்து அதே சத்தத்தைத் திருப்பித் தரும். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பதை ஒரு குமிழைத் திருகிச் சொல்லலாம். கடையில் வாங்கலாம், பொறுமை இருந்தால் வீட்டிலும் செய்யலாம்.

"ஆர் செய்தது?" என்று கேட்டேன்.

"நான்தான் அண்ணை."

மகன் யாராவது செய்து கொடுத்திருப்பான் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"இப்ப என்ன பிரச்சினை?"

"பாட்டு முடிஞ்சு ஃபாதர் 'மன்றாடுவோமாக' எண்டு தொடங்கேக்கையும் உது நிண்டு அடிச்சுக்கொண்டு இருக்குது. அவரும் ஒவ்வொரு கிழமையும் திரும்பிப் பாக்கிறார். காலால தட்டின உடனை உதின்ர வாயை மூடுற மாதிரி ஒரு சுவிட்ச் போட்டுத் தாங்கோ. வேற ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ."

"சரி."

"வேற ஒண்டிலயும்."

"சரி எண்டு சொல்லிட்டன்தானே, தங்கச்சி."

இப்போது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. அதற்கு முதல் கிழமை நான் அந்தக் கோயிலில் ஏணியில் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது, பாடகர் குழுத் தலைவர் கீழே நின்று பேச்சுக் கொடுத்தார். பேனாவால் தாளம் போடுகிற மனிதர். அவருக்குப் பக்கத்தில் ஒரு புதிய கீபோட் படுக்கை விரிப்பால் மூடிக் கிடந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் அதுவே தாளம் போடும் வகை.

"கிற்றார் அக்கா இப்ப அங்கங்கை அடி விடுறா," என்றார். "கோயில் திருநாள் வரைக்கும் பாப்பம். அண்டைக்கும் சரிவராட்டி கிற்றாரை நிப்பாட்டிப்போட்டு உதைத் திறப்பம்."

அந்தப் பெண் அங்கே இருபத்தொரு வருடமாக வாசித்துக்கொண்டிருந்தார். திருநாளுக்கு இன்னும் மூன்று கிழமை. ரின்னைக் கையில் வாங்கியபோது இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும் என்பது அவருடைய முகத்தில் இருந்தது. அந்த இடத்திலேதான் என்னுடைய நல்ல மனது வேலை செய்யத் தொடங்கியது. எங்கள் தொழிலில் மின்சாரத்தைவிட ஆபத்தான பொருள் அது.

பின்னேரம் ரின்னை விரித்து வைத்துப் பார்த்தேன். சோல்டர் பற்ற வைத்த இடங்கள் ஒவ்வொன்றும் பளபளவென்று, ஒரே அளவில் இருந்தன. என்னுடையவற்றை விடத் திறம். பொறாமை வந்தது. வேலையில் பிழை பிடிக்க முடியாவிட்டால் மனிதன் வேறு எதிலாவது பிழை பிடிப்பான். நான் ரின்னில் பிடித்தேன். மெல்லிய தகடு, மூடி விரல் பட்டாலே வளைந்தது. அதைவிட மோசம், மூடியில் விரலை வைத்தால் எதிரொலி அவசரப்பட்டது, எடுத்தால் ஆறுதலாக, மெதுவாக வந்தது. தொட்டால் மாறுகிற சாமான் பழுதான சாமான் என்றுதான் நான் படித்தேன், உங்களுக்கும் அதையே படிப்பித்தேன். மூடிக்கு அடியில் தேடினேன். ஒரு கறுப்பு ஸ்பொஞ்சுத் துண்டு ஒட்டியிருந்தது, அதில் இரண்டு வயர் குத்தியிருந்தது.

அந்தக் கறுப்பு ஸ்பொஞ்ச் உங்களுக்குத் தெரியும். சிப்புகள் அதில் குத்தித்தான் கடைக்கு வரும், உங்கள் குப்பை வாளியில் பாதி அதுதான். உள்ளே சாமான் ஆடாமல் இருக்க யாரோ திணித்த குப்பை, வயரில் முட்டி நேரத்தைக் குழப்புகிறது என்று முடிவு செய்தேன். ஸ்பொஞ்சைப் பிய்த்தேன், வயர்களை நறுக்கினேன். எதிரொலி மலை போல அசையாமல் நின்றது.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வார்ப்பு அலுமினியத்தில் ஒரு பெட்டி எடுத்தேன். லொறி ஏறினாலும் நசுங்காத பெட்டி. எல்லாவற்றையும் அதற்குள் மாற்றினேன். கேட்ட சுவிட்சை அதன் மூடியில் பூட்டினேன். எதிரொலி கொஞ்சம் மங்கலாக இருந்தது, அதையும் துலக்கி வைத்தேன். ஒரு சுவிட்ச் கேட்டு வந்தவருக்கு ஒரு புதுப் பெடலே செய்து கொடுத்தேன். திருநாளுக்கு முதல் நாள் ஸ்பீக்கர் பார்க்கப் போனபோது அதைப் பாடகர் குழுவின் அலுமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அவருக்கு அன்று வேலை, விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில். ஆக, அவர் அதை முதன்முதலாகக் கண்டது பூசை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது.

நான் திருநாளுக்குப் போனேன். வேலை நன்றாக நடக்கிறதா என்று பார்க்கப் போனதாக மனைவியிடம் சொன்னேன். பாராட்டு வாங்கப் போனேன் என்பதுதான் உண்மை. பின்னால் ஒரு தூணுக்குப் பக்கத்தில், பாடகர் குழு நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

வருகைப் பாடல் தொடங்கியது. எங்கள் சனம் பாடும் விதம் உங்களுக்குத் தெரியும். முதல் வரியில் ஒழுங்காகப் புறப்படுவார்கள். மூன்றாவது வரியில் இழுக்கத் தொடங்குவார்கள். பல்லவிக்குத் திரும்பி வரும்போது பாட்டு பாதி வேகத்தில் நடந்து வரும். சைவக் கோயிலில் தேவாரத்துக்கும் இதே கதைதான், இழுப்பதில் நாங்கள் ஒரே இனம். நல்ல வாத்தியக்காரர் சனத்தோடு சேர்ந்து இழுபடுவார்.

அன்று கிற்றார் இழுபட்டது, எதிரொலி இழுபடவில்லை. அது நான் பூட்டிய நேரத்துக்கு, நான் துலக்கிய சத்தத்தில், தெளிவாக, தவறான இடத்தில் விழுந்தது. சனம் ஒரு சொல்லுக்கு நடுவில் இருக்கும்போது டங் என்றது. பிறகு இன்னொரு சொல்லின் வாலில் டங் என்றது. பாடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தலைவரின் பேனா வேகமாக ஆடியது.

நான் கிற்றார் வாசித்தவரின் காலைப் பார்த்தேன். குதிகால் அந்த அலுமினியப் பெட்டியில் இருந்தது. அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். பெட்டி ஏன் அசையப் போகிறது? அதை அசையாமல் இருக்கத்தானே நான் செய்தேன். இரண்டாவது பாட்டில் அவர் புதிய சுவிட்சைத் தட்டி எதிரொலியை நிறுத்திவிட்டுத் தனியாக வாசித்தார். அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். எட்டு அடி அடிக்க வேண்டிய இடத்தில் அவருடைய வலது கை நாலுதான் அடித்தது. நடுவில் ஒன்றுமில்லை. தலைவர் எட்டி, கீபோட்டை மூடியிருந்த அந்தப் படுக்கை விரிப்பின் நுனியைப் பிடித்தார்.

இடது கையால் ரின்னை நீட்டியது நினைவுக்கு வந்தது. கறுப்பு ஸ்பொஞ்ச் நினைவுக்கு வந்தது. அந்த ஸ்பொஞ்சில் கொஞ்சம் மின்சாரம் ஓடும், அமுக்கினால் கூடுதலாக ஓடும். எனக்கு அது வேலை தொடங்கிய நாளிலிருந்து தெரியும். தெரிந்த விடயம் தேவையான நேரத்தில் வராவிட்டால் அதைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

நற்செய்தி வாசித்து முடித்து ஃபாதர் பிரசங்கம் தொடங்கியதும் எழுந்து, பக்கத்து வாசலில் நின்று கிற்றார் வாசித்தவருக்குக் கை காட்டினேன். அவர் பெட்டியை இடது கையில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். இருவரும் படியிறங்கி, கோயிலுக்கு அடியில் இருந்த பேஸ்மென்ற் குசினிக்குப் போனோம்.

"ஸ்பொஞ்ச் எங்கை?" என்றார்.

"எறிஞ்சிட்டன்."

"எறிஞ்சிட்டியளோ?" அவர் கண்ணை மூடித் திறந்தார். "அண்ணை, கோயிலுக்குள்ளை நிண்டு சொல்லக்கூடாத ஒண்டு வாயில வருது."

"நாங்கள் பேஸ்மென்ரிலதானே நிக்கிறம்."

சொன்னார். முழுதாகச் சொன்னார். மன்னாரில் அப்படியும் சொல்வார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

பிறகு வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் தாமாக நடுங்கின. "பதினாலு வருசம் ஸ்காபரோவில சர்க்கிட் போட் செய்யிற ஃபக்ரறியில சோல்டர் பிடிச்சனான். ஃபக்ரறியைப் பூட்டினாப் பிறகு ட்ரே அடுக்கிறன். கை நரம்பு பழுதாப் போட்டுது. ஒரு அடி அடிக்கும், அடுத்த அடிக்குத் திரும்பி வராது. அந்த மற்ற அடியை உதுதான் அடிக்கிறது. சனம் இழுக்க இழுக்க நான் காலைத் தளத்துவன், உதுவும் சேந்து இழுபடும். கை இப்பிடி எண்டது ஒருத்தருக்கும் தெரியாது."

"டொக்ரர் என்ன சொல்லுறார்?"

"ஒப்பரேசன் செய்து வெட்டச் சொல்லுறார். வெட்டினா மூண்டு மாசம் வாசிக்கேலாது. மூண்டு மாசத்தில அந்தக் கீபோட் அங்கை வேர் விட்டிடும்."

என்ன செய்யலாம் என்று யோசிக்கப் பிரசங்கம் முடியும்வரைதான் நேரம். குசினிச் சுவரில் ஒரு சின்ன ஸ்பீக்கர், நான் பூட்டியதுதான், அதில் ஃபாதரின் குரல் வந்துகொண்டிருந்தது. நான் காருக்கு ஓடினேன். பின் பெட்டியில் சோல்டரிங் அயனும் பழைய சிப்புகள் குத்திய கறுப்பு ஸ்பொஞ்சும் இருந்தன. சிப்புகளைக் கால் வளைய வளையப் பிய்த்து எறிந்தேன். திரும்பி ஓடி வந்து அயனைக் குத்தப் பிளக் தேடினால், இருந்த ஒரேயொரு பிளக்கில் தேத்தண்ணிப் பானை குத்தியிருந்தது. பக்கத்தில் பற்றீஸ் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்த அன்ரி என்னைப் பார்த்தார்.

"தேத்தண்ணி கொதிக்காட்டி, மேலை இருந்து வாற சனம் உங்களைத்தான் கொதிக்க வைக்கும்."

"பத்து நிமிசம் அன்ரி."

ஸ்பீக்கரில் ஃபாதர் "இறுதியாக" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்ரி பானையின் வயரை ஆறுதலாக இழுத்துக் கழற்றினார்.

"பயப்படாதேங்கோ. எங்கட ஃபாதருக்கு மூண்டு இறுதி இருக்கு."

அடுத்தது மூடி. அலுமினிய மூடியைக் கழற்றி எறிந்தால், வளைகிற மூடி ஒன்று வேண்டும். நான் கேட்கவே இல்லை. எந்தத் தமிழ்க் கோயில் குசினியிலும் அது இருக்கும் என்று எனக்குத் தெரியும். மேல் தட்டில் நீல நிற வட்ட ரின் இருந்தது. உள்ளே வானதூதராக, சம்மனசாக வேடம் போடும் பிள்ளைகளின் செட்டை கட்டும் ரிபனும் ஊசிகளும். மூடியை எடுத்தேன், ரிபனையும் எடுத்தேன். தகடு வயரில் முட்டாமல் இருக்க, பற்றீஸ் எண்ணெய் வடிய விரித்த கடதாசியில் நல்ல பக்கம் ஒன்றைக் கிழித்து அடியில் வைத்தேன்.

நான் நறுக்கிய வயர்களுக்குத் துண்டு பொருத்திப் பற்ற வைத்து, ஸ்பொஞ்சில் குத்தினேன். மூக்குக்கண்ணாடி காரில் இருந்தது. அவர் என் தோளுக்கு மேலாலே எட்டிப் பார்த்தார்.

"உது என்ன, எச்சில் துப்பின மாதிரிக் கிடக்கு? ஃபக்ரறியில எண்டா உதைத் திருப்பி அனுப்பியிருப்பன்."

"பிறகு திருப்பி அனுப்புங்கோ. இப்ப ரிபனைக் கட்டுங்கோ."

நான் பூட்டிக் கொடுத்த சுவிட்ச், மூன்று கிழமையில் அவர் கேட்ட ஒரேயொரு வேலை, அலுமினிய மூடியோடு போயிற்று. அதைத் திரும்பப் பூட்ட நேரமில்லை. ஃபாதர் மூன்றாவது இறுதிக்கு வந்திருந்தார். கிற்றார் வாசிப்பவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினார். லொறி ஏறினாலும் நசுங்காத பெட்டிக்கு மேலே ஒரு பிஸ்கற் மூடி, வெள்ளை ரிபன், பற்றீஸ் வாசம்.

காணிக்கைப் பாடலின் முதல் பகுதி படுமோசம். புதிய ஸ்பொஞ்ச் பழையதைவிடத் தடிப்பு, கால் பட்டாலே எதிரொலி பாய்ந்தது. தலைவர் படுக்கை விரிப்பைப் பாதி இழுத்துவிட்டார். நான் தூணோடு தூணாக நின்றேன். எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும், அந்தக் கோயில் கடவுள் உட்பட, கும்பிட்டேன். இரண்டாம் பகுதியில் கிற்றார் வாசித்தவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலை மூடியில் வைத்தார். குதியை விட்டுவிட்டு விரல்களால் அமுக்கினார். சனம் இழுத்தது. அவருடைய விரல்கள் தளர்ந்தன. எதிரொலி மெல்லப் பின்வாங்கி, சொல்லுக்குச் சொல் சரியான இடத்தில் போய் இருந்தது.

நற்கருணைப் பாடல் வந்தபோது நானே அழுதுவிட்டேன். பக்திதான் என்று பக்கத்தில் இருந்த அம்மா நினைத்திருப்பார், எனக்கு ஒரு கைலேஞ்சி தந்தார். தலைவரின் பேனா ஆடுவதை நிறுத்திவிட்டது. அவரும் சனத்தோடு சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. ஃபாதர் எழுந்து கைகளை விரித்து "மன்றாடுவோமாக" என்றார். டங் என்றது பெட்டி. ஃபாதர் பொறுத்தார். டங். கொஞ்சம் சின்னதாக இன்னொரு டங். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகுதான் அவர் மன்றாடினார்.

பூசை முடிந்து கீழே எல்லாரும் பற்றீஸோடு நிற்கும்போது தலைவர் நேராக என்னிடம் வந்தார். கிற்றார் வாசித்தவர் இரண்டு பேர் தள்ளி, தட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, நீங்கள் தொழில் தெரிஞ்ச ஆள், உண்மையைச் சொல்லுங்கோ. முதல் ரெண்டு பாட்டிலயும் என்ன நடந்தது? அவவின்ர பிழையோ, மிசினின்ர பிழையோ?"

தட்டோடு நின்றவர் மென்று கொண்டிருந்ததை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார்.

இந்த மாதிரி நேரத்தில் எங்கள் வாய்க்கு ஒரு பழக்கம் இருக்கிறது, உங்களுக்கும் வரும். பழியில் ஒரு பாதியைச் சாமானைப் பாவிக்கிறவரில் போட்டுவிடுவோம். "மிசின் நல்லம், அவவுக்குப் பழகேல்லை" என்று ஒரு வசனம். பொய்யும் இல்லை. என் நாக்கு நுனியில் அது தயாராக நின்றது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் என்னுடைய வாடிக்கையாளர்கள்.

"ரெண்டும் இல்லை. என்ர பிழை," என்றேன். "நல்லா இருந்த சாமானை நான் விளங்காமல் கழட்டிப் பழுதாக்கிக் குடுத்தனான். அவ பாவம், அந்தப் பழுதோடைதான் ரெண்டு பாட்டு வாசிச்சவ."

தலைவர் குரலைத் தாழ்த்தவில்லை. "திருநாளும் அதுவுமா இப்பிடிச் செய்வியளோ? உங்களை நம்பித்தானே கோயில் ஸ்பீக்கர் முழுக்கத் தந்தனாங்கள்!" என்று தொடங்கி, எனக்கும் மூன்று இறுதி வைத்துத்தான் முடித்தார். நான் பற்றீஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். பிறகு அவர் திரும்பி, "அக்கா, குறை நினையாதேங்கோ, நான் உங்களைத்தான் பிழையா நினைச்சிட்டன்," என்றார். அடுத்த மாதம் ஸ்பீக்கர் வேலை ஸ்ரௌவ்விலில் இருந்து வருகிற ஒருவருக்குப் போயிற்று. கீபோட் விரிப்புக்குள்ளேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவள் எழுந்து போய் அலுமாரியிலிருந்து ஒரு நீல ரின்னைக் கொண்டுவந்தாள். நான் கடைக் குப்பை வாளியில் எறிந்த அதே ரின், அவள் எடுத்து வந்திருக்கிறாள். உள்ளே ஊசி, நூல், பொத்தான். ஊசியெல்லாம் அந்தக் கறுப்பு ஸ்பொஞ்சில் வரிசையாகக் குத்தியிருந்தது.

"உதைத் தா."

"தரமாட்டன். நல்ல ரின்."

கடைக்குப் போய்ப் புது ரின் ஒன்று வாங்கி, இருவரும் ஒரு கிழமை மூன்று நேரமும் பிஸ்கற் தின்று அதை வெறுமையாக்கினோம். அதன் பிறகே பழைய ரின் என் கைக்கு வந்தது. அதையும் ஸ்பொஞ்சையும் எடுத்துக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் அஜக்ஸுக்கு ஓடினேன்.

அவர் குசினி மேசையில் எல்லாவற்றையும் விரித்தார். ஸ்பொஞ்சை வெளிச்சத்துக்குப் பிடித்து ஊசி ஓட்டைகளைப் பார்த்தார், விரலால் அமுக்கிப் பார்த்தார். என்னை எதையும் தொட விடவில்லை. நடுங்குகிற கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, என்னுடைய எச்சில் சோல்டரைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தானே பற்ற வைத்தார். நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஸ்பொஞ்ச் என்னத்துக்கு எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

"கேட்டிருந்தா?"

"பொய் சொல்லியிருப்பன். சாமான் ஆடாம இருக்க வைச்சது எண்டு சொல்லியிருப்பன்."

நானும் அதைத்தானே நினைத்தேன். கேட்டிருந்தாலும் பிய்த்து எறிந்திருப்பேன். வாடிக்கையாளரிடம் கேளுங்கள், கேளுங்கள் என்று உங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் மட்டும் போதாது, பிள்ளைகளே. சிலருக்குச் சொல்ல முடியாத காரணம் இருக்கும்.

"அப்ப நான் என்னதான் செய்திருக்க வேணும்?"

"சுவிட்ச் போட்டிருக்க வேணும். அதைத்தானே கேட்டனான்."

ஒப்பரேசனுக்கு நாள் எடுத்துவிட்டதாகவும் தலைவரிடம் தானே போய்க் கையைக் காட்டிச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். மூன்று மாதம் கீபோட்தான். எனக்குக் கவலையாக இருந்தது, அவருக்கு இல்லை.

"அடிக்கட்டும் அண்ணை. எங்கட சனம் இழுக்கிற இழுவைக்கு அது எத்தினை கிழமை தாங்கும் எண்டு பாப்பம்."

பிறகு ரின்னை என் பக்கம் தள்ளினார். "இப்ப போடுங்கோ சுவிட்சை. ஃபாதருக்கு நான் வாக்குக் குடுத்திட்டன்."

பத்து நிமிட வேலை. தகட்டில் ஒரு ஓட்டை, இரண்டு வயர், ஒரு சுவிட்ச். அவர் எதிரில் இருந்து என் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூடப் போகும்போது உள்ளே ஒரு வயர் கோணலாக, தேவையில்லாத நீளத்தில் வளைந்து நிற்பதைக் கண்டேன். அது ஏன் அப்படி நிற்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. விரல் தானாக அதை நோக்கிப் போனது. விரலை எடுத்துக்கொண்டு, ரின்னை மூடிக் கொடுத்தேன்.